பெயர் மட்டும் மிச்சம்: மொரீசியஸ் இளவரசரைத் தேடி நெதர்லாந்தில்

முதல் நாள். மே 13, 2023, சனி. டென் ஹாக்

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு நூறு ரூபாய் நோட்டு. மொரீசியஸில் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். போன முதல் வாரம் போர்ட் லூயிஸ் சந்தையில் தக்காளி வாங்கிவிட்டு மீதிச் சில்லறையை எண்ணும்போது நோட்டில் தமிழ் எழுத்தைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டேன், பின்னால் வந்தவர் இடித்துக்கொண்டு போனார். 1998-ல் வந்த புது நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று அங்குள்ள தமிழர்கள் கொதித்துப்போய், கடைசியில் அரசு அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்ற கதை அப்புறம்தான் தெரிந்தது. சரி, தமிழ் எப்படி வந்தது என்று தெரிந்துவிட்டது, 'மொரீசியஸ்' எப்படி வந்தது? 1598 செப்டம்பரில் டச்சுக் கப்பல்கள் சில அந்தத் தீவில் ஒதுங்கின. தங்கள் நாட்டு இளவரசர் மவுரிட்ஸின் பெயரை அதற்கு வைத்துவிட்டுப் போனார்கள். அவர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

அக்கா ஆம்ஸ்டல்வேனில் இருக்கிறாள். லீவு போட்டு வந்து இறங்கியதும் திட்டத்தைச் சொன்னேன்.

"ஹாலந்துக்கு வந்துட்டு டுலிப் பாக்காம செத்துப்போன ராஜாவத் தேடுறியாடா?"

"ராஜா இல்லக்கா, இளவரசர்."

"என்னவோ ஒண்ணு. குட்டியையும் கூட்டிட்டுப் போ, வீட்ல இருந்தா டேப்லெட்டைத்தான் நோண்டிட்டு இருப்பா."

குட்டிக்குப் பதினோரு வயது. டச்சு அவளுக்கு மூச்சு மாதிரி, தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டிப் படிப்பாள். ஆக எனக்கு இலவச மொழிபெயர்ப்பாளர்.

முதலில் மவுரிட்ஸ்ஹவுஸ். பெயரிலேயே இருக்கிறதே, இங்கேதான் ஆரம்பிக்க வேண்டும் என்று டிக்கெட் எடுத்து உள்ளே நுழைந்த பிறகு குட்டி சுவரில் இருந்ததைப் படித்துவிட்டு, "மாமா, இது வேற மவுரிட்ஸ்" என்றாள். ஆமாம், வேறு ஆள். இது யோஹன் மவுரிட்ஸ் என்ற உறவுக்காரர், பிரேசிலில் டச்சு ஆளுநராக இருந்தவர், 1630-களில் கட்ட ஆரம்பித்த வீடு. நம் ஆள் 1625-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். காசு கொடுத்தாயிற்று, முத்துத் தோடு போட்ட பெண் ஓவியத்தையாவது பார்ப்போம் என்று கூட்டத்தில் எக்கி எக்கிப் பார்த்தோம்.

வெளியே வந்தால் பக்கத்திலேயே குளம், குளத்தை ஒட்டி பின்னன்ஹோஃப், அதாவது நாடாளுமன்ற வளாகம். பல வருஷ மராமத்து வேலை, சாரமும் தடுப்புமாக இருக்கிறது, உள்ளே போக முடியாது. குளத்தின் எதிர்க்கரையில் ஒரு சிலை. மவுரிட்ஸாக இருக்குமோ என்று ஓடினால், ஓல்டன்பார்னவெல்ட், மவுரிட்ஸ் காலத்தில் ஹாலந்து அரசியலை நடத்திய பெரியவர்.

குட்டிக்கு இவரைத் தெரியும். இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு நாட்டு வரலாற்றை 50 தலைப்பில் சொல்லித் தருகிறார்கள், அதில் ஒன்று இவர். "மே 13-ல தலைய வெட்டினாங்க மாமா, 1619" என்று அவள் சாதாரணமாகச் சொல்ல, நான் போனை எடுத்துத் தேதியைப் பார்த்தேன். இன்றைக்கு மே 13. திட்டம் போட்டெல்லாம் வரவில்லை, சத்தியமாக.

404 வருஷத்துக்கு முன்னால் இதே நாளில், அந்தத் தடுப்புக்குப் பின்னால் இருக்கும் முற்றத்தில், 71 வயதுக் கிழவரை மேடையேற்றி வாளால் வெட்டினார்கள். கையில் ஊன்றுகோலோடு ஏறினாராம். வெட்டுபவனிடம் கடைசியாகச் சொன்னது "சீக்கிரம் முடி, சீக்கிரம் முடி" என்பார்கள். இதைத் தடுக்க முடிந்தும் தடுக்காத ஆள் மவுரிட்ஸ். அவரைப் பதவியில் உட்கார வைத்ததே இந்தக் கிழவர்தான்.

கொஞ்சம் முன்கதை. அப்பா வில்லியம், ஸ்பெயின் மன்னனை எதிர்த்துக் கிளம்பியவர், 1584 ஜூலை 10 அன்று டெல்ஃப்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். மூத்த மகன் பிலிப் வில்லியம், சின்ன வயதிலேயே லூவன் பல்கலைக்கழகத்திலிருந்து தூக்கிச் செல்லப்பட்டு ஸ்பெயினில் கிடக்கிறான். அடுத்தவன் மவுரிட்ஸ், 16 வயது. மறுவருஷம் இங்கிலாந்திலிருந்து லெஸ்டர் பிரபு படையோடு வருகிறார் என்றதும், வெளியாள் வந்து நாட்டாமை பண்ணுவதற்குள் நம்ம ஆள் ஒருவர் நாற்காலியில் இருக்கட்டும் என்று ஓல்டன்பார்னவெல்ட் முன்னின்று, பையனை ஹாலந்துக்கும் ஸீலாந்துக்கும் ஸ்டாட்ஹவுடர் ஆக்கினார். இந்தப் பதவியே ஒரு வேடிக்கை. ஸ்டாட்ஹவுடர் என்றால் மன்னரின் பிரதிநிதி. மன்னரைத்தான் துரத்திவிட்டார்களே, அப்புறம் யாருக்குப் பிரதிநிதி? மாகாண சபைகளுக்குச் சம்பளக்காரர், ஆனால் படை அவர் கையில், பல ஊர்களில் நகராட்சிக்காரர்களை நியமிப்பதும் அவர்தான். முதலாளி யார், வேலைக்காரர் யார் என்று கடைசிவரை தெளிவாகாத ஏற்பாடு. முப்பது வருஷம் கிழவர் காசும் அரசியலும் பார்த்துக்கொள்ள, இவர் சண்டை பார்த்துக்கொள்ள, வண்டி ஓடியது.

எங்கே குடை சாய்ந்தது என்பதை லெய்டன் போய்விட்டு எழுதுகிறேன். கால் வலிக்கிறது.

இரண்டாம் நாள். ஞாயிறு. பிரெடா

அக்கா கட்டிக் கொடுத்த புளியோதரையை ரயிலிலேயே முடித்துவிட்டோம், ரோட்டர்டாம் வருவதற்குள்.

பிரெடாவில் கோட்டை இன்னும் ராணுவத்திடம்தான், ராணுவ அகாடமி. வாசலில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். தண்ணீர் ஓரமாகச் சுற்றி வந்தால் இரண்டு தடித்த கோபுரங்களும் நடுவில் ஒரு நீர்வாசலும் வரும். ஸ்பெயின்காரன் ஓட்டை என்று பெயர். 1590-ல் கப்பல் இது வழியாகத்தான் போனது என்று ஊரே சொல்லும், நானும் பத்துப் படம் எடுத்துவிட்டேன், அப்புறம் பார்த்தால் இந்த வாசலைக் கட்டியதே 1610 வாக்கில். நேற்று வேறு மவுரிட்ஸ், இன்று வேறு வாசல்.

ஆனால் கப்பல் கதை உண்மை. இங்கே அந்தக் காலத்தில் அடுப்பெரிக்கச் சதுப்பு நிலத்து மண்ணை வெட்டிக் காயவைத்துச் செங்கல் மாதிரி அடுக்கி விற்பார்கள், நம்ம ஊர் வறட்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கோட்டைக்குக் கொண்டுவரும் படகோட்டி அட்ரியான் வான் பெர்கன். வழக்கமாக வருகிற படகு, காவலர்கள் சரியாகச் சோதிப்பதில்லை. படகின் வயிற்றில் கிட்டத்தட்ட 70 வீரர்களைப் படுக்கவைத்து, மேலே அந்தக் கட்டிகளை அடுக்கினார்கள். பிப்ரவரிக் கடைசி. காற்று எதிராக, ஆற்றில் பனிக்கட்டி, படகு நகரவே இல்லை. அடியில் ஓட்டை வேறு விழுந்து, உள்ளே இருந்தவர்கள் முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். ஒருவனுக்கு இருமல் நிற்கவில்லை. மாட்டிக்கொள்வதைவிட என்னைக் குத்திக் கொன்றுவிடுங்கள் என்று பக்கத்தில் இருந்தவனிடம் கத்தியை நீட்டினானாம். இருமல் வெளியே கேட்காமல் இருக்கப் படகோட்டி விடாமல் தண்ணீர் இறைக்கும் பம்பை அடித்துக்கொண்டே இருந்தார்.

கோட்டைக் காவலில் இருந்தவர்கள் ஸ்பெயினிடம் கூலி வாங்கிய இத்தாலிய வீரர்கள். குளிரில் விறைத்துப்போய் விறகுக்காகக் காத்திருந்தவர்கள், பனியில் சிக்கிய படகைத் தாங்களே இழுத்து உள்ளே விட்டார்கள். இறக்க ஆரம்பித்தார்கள். அடுக்கு குறையக் குறைய அடியில் இருப்பவன் தலை தெரிந்துவிடும். படகோட்டி, "இன்னிக்கு இது போதும், போய்க் குடிங்க, மிச்சம் நாளைக்கு" என்று காசு கொடுத்து அனுப்பினார். இரவு வெளியே வந்தார்கள், கோட்டையைப் பிடித்தார்கள். மார்ச் 4 அன்று ஊர் மவுரிட்ஸ் கையில். அவருக்கு 22 வயது, முதல் பெரிய வெற்றி, அதுவும் சொந்தக் குடும்பச் சொத்து. பிரெடா நஸ்ஸாவ் குடும்பத்தின் ஊர்.

"ட்ரோஜன் குதிரை மாதிரி" என்றாள் குட்டி. நான் அந்த இருமல்காரனையே நினைத்துக்கொண்டிருந்தேன். மட்டெயுஸ் ஹெல்ட் என்று அவன் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள். குத்தவில்லை, பிழைத்தான்.

அடுத்த வருஷம் இன்னொரு வேடிக்கை. ஸுட்ஃபன் நகரத்துக்கு எதிரே இருந்த காவல் அரணுக்கு முட்டையும் வெண்ணெயும் விற்க வந்த குடியானவப் பெண்கள், பக்கத்தில் போனதும் பாவாடைக்குள்ளிருந்து ஆயுதத்தை எடுத்தார்கள். எல்லாம் மவுரிட்ஸின் வீரர்கள். அந்த 1591-ல் மட்டும் ஸுட்ஃபன், டெவன்டர், ஹுல்ஸ்ட், நைமெகன் என்று நாலு ஊர். ஆனால் தந்திரத்தால் ஜெயித்த ஆள் என்று இவரை நினைத்தால் தப்பு. மற்ற ஊர்களைப் பிடித்தது மண்வெட்டியால். அதை நாளைக்குச் சொல்கிறேன்.

மூன்றாம் நாள். திங்கள். லெய்டன், அப்புறம் ஸ்கெவனிங்கன்

குட்டிக்குப் பள்ளி. தனியாகப் போனேன். இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், கணக்கு பிடிக்காதவர்கள் கடற்கரைக்குத் தாவிவிடுங்கள்.

மவுரிட்ஸ் படித்த ஊர் இது. கூடவே சைமன் ஸ்டெவின் என்ற புரூஜ் ஊர்க்காரர், கணக்கில் புலி. தசம பின்னத்தை ஐரோப்பாவில் பரப்பிய சின்னப் புத்தகம் 1585-ல் இவர் போட்டதுதான். இளவரசருக்கு ஆசிரியராகி, அவருக்காகவே பாடப் புத்தகம் எழுதி, 1605-லிருந்து பெரிய பெரிய தொகுதிகளாக அச்சிட்டார். அதில் எனக்குப் பிடித்தது கணக்குப் பதிவு பற்றிய பகுதி. இத்தாலிய வியாபாரிகளின் பற்று-வரவு முறையில் ஏன் இளவரசரின் பண்ணை வரவுசெலவையும் எழுதக் கூடாது என்று ஆசிரியரும் மாணவரும் கேள்வி பதிலாகப் பேசிக்கொள்கிறார்கள். பேரேடு எழுதக் கற்றுக்கொண்ட இளவரசன் எத்தனை பேர்!

மண்வெட்டிக்கு வருகிறேன். அந்தக் காலத்துப் போர்வீரனுக்கு மண் வெட்டுவது கேவலம், அது குடியானவன் வேலை. மவுரிட்ஸ் தன் வீரர்களையே வெட்ட வைத்தார், அதற்குத் தனிக் கூலி கொடுத்து. அதைவிட முக்கியம், சம்பளம் சொன்ன தேதியில் கிடைத்தது. ஸ்பெயின் படையில் மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி, வீரர்களே கலகம் செய்து ஊர்களைச் சூறையாடினார்கள். இங்கே காசு ஒழுங்காக வந்ததால் ஒழுங்கும் வந்தது. காசை ஒழுங்காக அனுப்பியது யார்? ஓல்டன்பார்னவெல்ட். இளவரசரின் புகழில் பாதி அந்த வரவுசெலவுக் கணக்கில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

கோட்டை வளைப்பதற்குக் கோணமும் நீளமும் தெரிந்த ஆட்கள் வேண்டும். அதற்காக 1600-ல் லெய்டனில் ஒரு பொறியியல் வகுப்பு தொடங்கினார்கள், லத்தீனில் இல்லை, டச்சில். ஸ்டெவினுக்குத் தாய்மொழி மேல் வெறி. கணிதத்துக்கு டச்சுச் சொல் இல்லையா, உருவாக்கு. இணைகோடுகளுக்கு 'சம அகலமானவை' என்று பொருள்படும் சொல். ஐரோப்பாவில் பாதிப் பேர் மேத்தமேட்டிக்ஸ் என்று கிரேக்கத்தைக் கடன் வாங்கிக்கொண்டிருக்க, டச்சுக்காரர்கள் இன்றைக்கும் ஸ்டெவின் கொடுத்த சொல்லிலிருந்து வந்த 'விஸ்குண்ட' என்றே சொல்கிறார்கள், உறுதியான அறிவு என்று அர்த்தம். சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னதும் குட்டி, "இப்ப வெறும் ரேகனன்தான் மாமா, கூட்டல் கழித்தல், ஹைஸ்கூல் போனாத்தான் விஸ்குண்ட" என்றாள், ஏதோ பூதம் வரப்போகிற குரலில்.

அந்த வகுப்பில் பாடம் எடுத்தவர்களில் ஒருவர் லூடால்ஃப் வான் கூலன். வாள்வீச்சு வாத்தியார், அதே சமயம் பை எண்ணை 35 தசம இடம் வரை கையால் கணக்குப் போட்டவர். பீட்டர்ஸ்கெர்க் என்ற பெரிய தேவாலயத்தில் அடக்கம். பழைய கல்லறைக்கல் தொலைந்துபோய், 2000-ல் புதிதாக வைத்திருக்கிறார்கள். எண்கள் செதுக்கியிருக்கின்றன. 3.14159 வரை மனப்பாடமாகப் படித்துவிட்டு அதற்கு மேல் விரலை வைத்து எண்ணினேன்.

அதே தேவாலயத்தில்தான் அர்மினியஸும் இருக்கிறார். வண்டி குடை சாய்ந்தது இவரிடம்தான். யார் கரையேறுவார், யார் ஏறமாட்டார் என்பதைக் கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டாரா, மனிதன் செய்ய ஏதாவது இருக்கிறதா? லெய்டன் பேராசிரியர்கள் இரண்டு பேர், அர்மினியஸும் கோமாரஸும், இதில் மோதிக்கொண்டார்கள். நமக்கு இது புதிதில்லை. குரங்குக் குட்டி தாயைத் தானே பிடித்துக்கொள்ளும், பூனைக் குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும், இதில் எது பக்தன் நிலை என்று வடகலையும் தென்கலையும் போட்ட சண்டைதான். கோமாரஸ் பூனைக் கட்சி, அர்மினியஸ் கொஞ்சம் குரங்குப் பக்கம் சாய்ந்தவர். நம்ம ஊரில் யானைக்கு எந்த நாமம் என்று கோர்ட்டுக்குப் போனோம், இவர்கள் நாட்டையே உள்நாட்டுப் போர் விளிம்புக்குக் கொண்டுபோனார்கள்.

மவுரிட்ஸுக்கு இந்தச் சாஸ்திரத்தில் அக்கறையே கிடையாது. முன்விதி பச்சையா நீலமா என்றுகூட எனக்குத் தெரியாது என்று சொன்னதாகக் கதை. அவருடைய கோபம் வேறு. 1600-ல் நியூபோர்ட் கடற்கரை வரை படையை இழுத்துப் போகச் சொன்னது கிழவரும் சபையும். போரில் ஜெயித்தார், ஆனால் மயிரிழையில், பிரயோஜனமும் இல்லை. 1609-ல் ஸ்பெயினோடு பன்னிரண்டு வருஷப் போர்நிறுத்தம் செய்தது கிழவர், இவருக்கு அது பிடிக்கவில்லை. 1617-ல் அர்மினியஸ் பக்கம் சாய்ந்திருந்த கிழவர், ஊர்கள் தங்களுக்கென்று தனியாகக் காவல்படை வைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானம் போட்டார். படைத்தலைவர் ஒருவர் இருக்கும்போது தனிப்படையா? மறுவருஷம் உட்ரெக்டில் அந்தப் படைகளைக் கலைத்தார், ஆகஸ்ட் 29 அன்று கிழவரைக் கைது செய்தார். இதற்காகவே அமைத்த 24 நீதிபதிகள். கருணை மனு கொடுத்தால் பார்க்கலாம் என்று மவுரிட்ஸ் காத்திருந்தார், மனு கொடுத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும் என்று குடும்பம் கொடுக்கவில்லை. இரண்டு பக்கமும் வீம்பு. ஆனால் கழுத்து ஒரு பக்கத்துடையது.

கடற்கரை. மாலை ஐந்து மணிக்கு ஸ்கெவனிங்கனில் என் தொப்பி பறந்து போனது, துரத்தவில்லை. இந்தக் காற்றை வைத்து ஸ்டெவின் மவுரிட்ஸுக்கு ஒரு வண்டி செய்து கொடுத்தார். சக்கரத்தில் ஓடும் கப்பல், இரண்டு பாய்மரம். 28 பேரை ஏற்றிக்கொண்டு இங்கிருந்து பெட்டன் வரை ஈர மணலில் சுமார் இரண்டு மணி நேரத்தில் போனதாம், குதிரைகளால் கூட வர முடியவில்லை. ஓட்டியது இளவரசர். பயணிகளில் நியூபோர்ட்டில் பிடிபட்ட ஸ்பெயின் தளபதி மென்டோஸா, அப்புறம் ஹ்யூகோ குரோஷியஸ் என்ற சின்னப் பையன், ஊரே மெச்சிய மேதை. நடுவில் மவுரிட்ஸ் வேண்டுமென்றே கடலுக்குள் திருப்பி எல்லோரையும் அலற வைத்தார் என்பார்கள். இவரைப் பற்றிப் படித்ததில் இவர் சிரித்திருப்பார் என்று நான் நம்பும் ஒரே நாள் இதுதான். அந்தக் குரோஷியஸுக்கு அப்புறம் என்ன ஆனது என்பது வியாழக்கிழமை.

நான்காம் நாள். செவ்வாய். ஆம்ஸ்டர்டாம்

மழை. ரைக்ஸ்மியூசியம்.

கடைசியில் ஆளைப் பார்த்துவிட்டேன். மீரவெல்ட் வரைந்த படம். தங்க முலாம் பூசிய கவசம், நியூபோர்ட் வெற்றிக்காகச் சபை பரிசாகக் கொடுத்தது. நரைத்த தாடி, ஊதின கன்னம், கண்ணுக்குக் கீழே பை. எண்ணிக்கொண்டிருக்கும்போது யாரோ கூப்பிட்டதால் எரிச்சலோடு நிமிர்ந்த கணக்குப்பிள்ளை முகம். கல்யாணமே செய்துகொள்ளவில்லை. மார்கரேத்தா வான் மெக்கலன் என்ற பெண்ணோடு வாழ்ந்தார், பிள்ளைகள் உண்டு.

அதைவிட அதிக நேரம் நின்றது 'ஆன்மா பிடித்தல்' முன்னால், வான் டி வென்னா 1614-ல், போர்நிறுத்த காலத்தில் வரைந்தது. நடுவில் அகலமான ஆறு. ஆறு நிறைய அம்மணமாகத் தத்தளிக்கும் மனிதர்கள். படகுகளில் பாதிரியார்கள் வலை வீசி அவர்களைப் பிடிக்கிறார்கள், இடது பக்கம் புராட்டஸ்டன்ட் படகு, வலது பக்கம் கத்தோலிக்கப் படகு. கரைகளில் கூட்டம், இடது கரையில் மவுரிட்ஸ் நிற்கிறார். அவர் பக்கத்து மரம் பச்சை, எதிர்க்கரையில் பட்டுப்போன மரம். ஓவியர் எந்தக் கட்சி என்று சொல்லவே வேண்டாம். மேலே இரண்டு கரைக்கும் சேர்த்து ஒரு வானவில். நாலே வருஷத்தில் இடது கரைக்காரர்களே ஒருவரை ஒருவர் தண்ணீரில் தள்ளிக்கொண்டார்கள்.

படையின் பயிற்சி பற்றியும் ஒரு வரி. துப்பாக்கி ஒரு முறை சுட்டால் திரும்ப மருந்து போட ஏகப்பட்ட நேரம். மவுரிட்ஸின் சித்தப்பா பிள்ளை வில்லெம் லோடவைக், பழைய கிரேக்க ரோமானியப் புத்தகங்களைப் படித்துவிட்டு, 1594 டிசம்பர் 8 தேதியிட்டு ஒரு கடிதம் எழுதினார்: முதல் வரிசை சுட்டுவிட்டுப் பின்னால் போய் மருந்து போடட்டும், அதற்குள் அடுத்த வரிசை சுடட்டும். இடைவிடாத குண்டு மழை. இதற்குப் படையே இயந்திரம் மாதிரி நகர வேண்டும். 1607-ல் டி கெய்ன் வரைந்த பயிற்சி நூலில் ஆயுதத்தைத் தூக்குவது முதல் சுடுவது வரை ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு படம், மொத்தம் 117. இன்று உலகத்தில் எந்த ராணுவ மைதானத்தில் லெஃப்ட் ரைட் கேட்டாலும் அதில் இவர்கள் பங்கு கொஞ்சம் இருக்கிறது.

ஐந்தாம் நாள். புதன்

எங்கேயும் போகவில்லை. துணி துவைத்தேன். அக்காவுக்கு நியூயார்க் போக ஆசை, ஹட்சன் ஆற்றுப் படகு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆற்றுக்கும் டச்சுக்காரர்கள் முதலில் மவுரிட்ஸ் ஆறு என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள் என்று சொன்னேன். "இந்தாளுக்கு எதுவுமே ஒட்டலையாடா?" என்றாள்.

ஆறாம் நாள். மே 18, வியாழன். லூவஸ்டைன்

விடுமுறை நாள், மூவரும் கிளம்பினோம். ஹோரின்கம் ஊரிலிருந்து சின்னப் படகு, இரண்டு பெரிய ஆறுகள் சேரும் முனையில் கோட்டை. செங்கல், அகழி, வாத்து.

பாய்மர வண்டியில் அலறிய அந்தப் பையன் பெரியவனாகி ஓல்டன்பார்னவெல்ட் பக்கம் நின்றான். கிழவருக்குத் தலை போனது, குரோஷியஸுக்கு ஆயுள் சிறை, இந்தக் கோட்டையில். மனைவி மரியாவும் கூட வந்து தங்கினாள். படிக்கப் புத்தகம் பெட்டியில் வரும், படித்தது பெட்டியில் போகும். முதலில் காவலர்கள் திறந்து பார்த்தார்கள், அப்புறம் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். அதை முதலில் கவனித்தது மரியா. 1621 மார்ச் 22 அன்று கணவனைப் பெட்டிக்குள் மடக்கி வைத்துப் பூட்டினாள். தூக்கிய வீரர்கள், என்ன கனம், உள்ளே அர்மினியன் எவனாவது இருக்கிறானா என்று கேட்க, அர்மினியன் புத்தகம்தான் என்றாளாம். பணிப்பெண் எல்ஸ்யா பெட்டியோடு இதே ஆற்றைக் கடந்து ஹோரின்கம் போனாள். அங்கிருந்து ஆள் கொத்தனார் வேஷத்தில் ஆன்ட்வெர்ப்புக்குத் தப்பிவிட்டார்.

பெட்டி இங்கே இருக்கிறது. ரைக்ஸ்மியூசியத்திலும் அந்தப் பெட்டி ஒன்று இருக்கிறது. டெல்ஃப்டிலும் ஒன்று இருக்கிறதாம். குட்டி பெட்டிக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தி, "நானே கஷ்டப்பட்டுத்தான் உள்ள போவேன்" என்றாள்.

அக்கா ஆற்றைப் பார்த்தபடி, "அந்தப் பெரியவரோட பொண்டாட்டி என்ன ஆனா?" என்று கேட்டாள். அவளும் மரியாதான், மரியா வான் உட்ரெக்ட். 1623-ல் அவளுடைய இரண்டு மகன்கள் மவுரிட்ஸைக் கொல்லத் திட்டம் போட்டதாகப் பிடிபட்டார்கள். ஒருவன் தப்பிவிட்டான், மூத்தவன் ரைனியர் மாட்டிக்கொண்டான். அவனுக்காகக் கருணை கேட்டுப் போனாள். கணவனுக்குக் கேட்காத நீ மகனுக்கு ஏன் கேட்கிறாய் என்று மவுரிட்ஸ் கேட்டாராம். "என் கணவர் குற்றமற்றவர், என் மகன் குற்றவாளி" என்றாளாம். ரைனியர் தலையும் போனது.

அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "சரி, தயிர் சாதம் எடு" என்றாள்.

கடைசி நாள். மே 20, சனி. டெல்ஃப்ட்

குட்டியும் நானும் மட்டும்.

பிரின்சன்ஹோஃப் மாடிப்படி ஓரச் சுவரில், அப்பா வில்லியமைச் சுட்ட குண்டு பாய்ந்த துளைகள் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. கண்ணாடி போடுவதற்கு முன் வந்தவர் போனவர் எல்லாம் விரலை விட்டுப் பார்த்தே துளையைப் பெரிதாக்கிவிட்டார்கள். மூன்றாவது பெட்டியும் இங்கே இருந்தது. குட்டி அதைப் பார்த்த பார்வையில் சுத்தமாக நம்பிக்கை இல்லை.

புதிய தேவாலயம் சந்தைச் சதுக்கத்தில் இருக்கிறது. வாசலுக்கு எதிரே, சதுக்கத்தின் நடுவில் ஒரு சிலை. நெருங்கினால் குரோஷியஸ். இவர் டெல்ஃப்ட் பையன்.

உள்ளே வில்லியமின் கல்லறை மாளிகை. வெள்ளைச் சலவைக்கல், கறுப்புக் கல், வெண்கலம், காலடியில் சின்ன நாய். எஜமான் செத்ததும் சாப்பிடாமல் கிடந்து செத்த நாய் என்று கதை. சிற்பி டி கெய்ஸர் 1614-ல் ஆரம்பித்து, கட்டி முடிக்கப் பத்து வருஷத்துக்குப் பக்கத்தில் ஆனது. மகன் உயிரோடு இருந்து இதைப் பார்த்தார். அவருடைய கடைசி வருஷங்கள் நன்றாக இல்லை. போர்நிறுத்தம் 1621-ல் முடிந்தது, அவர் ஆசைப்பட்ட போர் திரும்ப வந்தது, ஆனால் காசுக்கு வழி செய்ய அந்தக் கிழவர் இல்லை. 1624-ல் ஸ்பெயின் தளபதி ஸ்பினோலா பிரெடாவைச் சுற்றி வளைத்தார், மவுரிட்ஸ் செய்வது போலவே மண் வெட்டி, பட்டினி போட்டு. தம்பி பிரெடரிக் ஹென்ட்ரிக்கிடம், நீ கல்யாணம் செய்துகொள்ளாவிட்டால் நான் மார்கரேத்தாவைக் கட்டி என் பிள்ளைகளை வாரிசாக்கிவிடுவேன் என்று மிரட்டி, படுக்கையில் கிடந்தபடியே 1625 ஏப்ரல் 4 அன்று தம்பி கல்யாணத்தை முடித்தார். 23-ம் தேதி இறந்தார், 57 வயது. அதே வருஷம் ஜூனில் பிரெடா விழுந்தது. சரணடைந்த தளபதி யுஸ்டினுஸ், அப்பா வில்லியமுக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்த அண்ணன். படகில் ஒளிந்து பிடித்த அதே ஊர்.

"மாமா, மவுரிட்ஸ் எங்க?"

அங்கே நின்றிருந்த வயதான தன்னார்வலப் பெண்மணியிடம் குட்டியே போய் டச்சில் கேட்டுவிட்டு வந்தாள். "கீழயாம். அப்பாவுக்குக் கீழ. அரச குடும்பத்து நிலவறை, திறக்க மாட்டாங்களாம்." தரையைப் பார்த்தோம். கல். நாலு எட்டு தள்ளிச் சுவரோரமாக இன்னொரு நினைவுச்சின்னம், அது யாருக்கு என்று போய்ப் பார்த்தால் குரோஷியஸுக்கு. பெட்டியில் தப்பி ஓடியவர் 1645-ல் செத்த பிறகு, சிறையில் போட்டவர் கிடக்கும் அதே தேவாலயத்தில் கொண்டுவந்து அடக்கம் செய்திருக்கிறார்கள்.

குட்டி பெஞ்சில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, "அந்த ரூபாய் வச்சிருக்கீங்களா மாமா?" என்றாள். பர்ஸில் எப்போதும் ஒன்று இருக்கும். எடுத்துக் கொடுத்தேன். ரூ, பா என்று எழுத்துக் கூட்டினாள். திருப்பினாள், திரும்பவும் இந்தப் பக்கம் பார்த்தாள். ஒரு ஆள் முகம் இருக்கிறதே.

"இதுதான் மவுரிட்ஸா?"

"இல்ல குட்டி. இவர் ரங்கநாதன் சீனிவாசன்."

அவள் சிரித்த சிரிப்பில் அந்தப் பெண்மணி திரும்பிப் பார்த்தார்.